பழைய கிராபிக்ஸ் கார்டு டிரைவரைப் புதிய எக்ஸ் சர்வருக்குக் கொண்டுவருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மதர்போர்டில் இன்றைய லினக்ஸைப் போட்டால் பெரும்பாலும் எல்லாம் ஓடிவிடும். நெட் வரும், சவுண்டு வரும், பிரிண்டர்கூட வரும். தகராறு செய்வது திரைதான். 1280×800 மானிட்டரில் 1024×768 படம் பக்கவாட்டில் இழுபட்டு நிற்கும். ஜன்னலை நகர்த்தினால் பின்னாலேயே கோடு கோடாக வரும். அந்தக் கார்டுக்கு ஒரு காலத்தில் நல்ல டிரைவர் இருந்திருக்கும். லினக்ஸில் திரைக்குப் படம் வரையும் மென்பொருளான எக்ஸ் சர்வர் மாறிக்கொண்டே போனது, டிரைவர் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த டிரைவரை இன்றைய எக்ஸ்.ஆர்க் சர்வரில் ஓடவைப்பதுதான் இங்கே வேலை. சி மொழி ஓரளவு தெரிந்து, கிட், மேக் இரண்டையும் கையாளத் தெரிந்தால் போதும். உதாரணத்துக்கு எஸ்ஐஎஸ் 671 சிப்பை எடுத்துக்கொள்கிறேன். மலிவு விலை போர்டுகளிலும் லேப்டாப்களிலும் வந்த சிப் இது. அதிகாரப்பூர்வ எஸ்ஐஎஸ் டிரைவரில் முழுமையாகச் சேரவே இல்லை. இதற்கான மாற்றங்கள் கொண்ட சோர்ஸ் கோடு தனியாக இணையத்தில் கிடைக்கிறது, ஆனால் பழைய சர்வருக்கு எழுதியது. எஸ்3, டிரைடென்ட், ஏடிஐ ரேஜ் 128 என்று உங்கள் கார்டு வேறாக இருந்தாலும் வழி இதேதான்.

இரண்டு விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரே தாவலில் புதிய சர்வருக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு பதிப்பாக ஏறுங்கள். முதலில் படம் வரட்டும், வேகத்தைப் பிறகு பார்க்கலாம். பாதியில் கைவிடப்பட்ட போர்ட்டிங் வேலைகள் பலவற்றின் கோடைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டில் ஒன்று அவற்றில் தவறியிருக்கும்.

முதல் படி: இந்த வேலை தேவையா என்று பாருங்கள்

எல்எஸ்பிசிஐ கட்டளையை எண்களோடு காட்டச் சொல்லி ஓட்டுங்கள். எஸ்ஐஎஸ் 671 என்றால் 1039:6351 என்று வரும். முதல் பாதி கம்பெனி, இரண்டாம் பாதி சிப். இந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருப்பதையோ கடைக்காரர் சொல்வதையோ நம்பி கோடைத் திறக்காதீர்கள்.

அடுத்து, கர்னலிலேயே இந்தச் சிப்புக்கு கேஎம்எஸ் டிரைவர் (ரெசல்யூஷனைக் கர்னலே அமைக்கும் வகை) இருக்கிறதா என்று தேடுங்கள். ஏடிஐ ரேடியான் எல்லாவற்றுக்கும், என்விடியாவின் ரிவா டிஎன்டி முதலான கார்டுகளுக்கும், இன்டெலின் 830-க்குப் பிந்திய சிப்களுக்கும், மேட்ராக்ஸ் ஜி200-க்கும் இருக்கிறது. இருந்தால் எக்ஸ் சர்வரோடு 1.17 முதல் சேர்ந்தே வரும் மோட்செட்டிங் டிரைவர் போதும். போர்ட்டிங் வேண்டாம், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கேஎம்எஸ் இல்லையென்றால், பல கார்டுகளுக்கும் பொதுவான வீசா டிரைவர் என்ன தருகிறது என்று பாருங்கள். அது வீடியோ பயாஸில் எழுதியிருக்கும் ரெசல்யூஷன்களை மட்டுமே தரும். உங்கள் மானிட்டரின் அளவு அந்தப் பட்டியலில் இருந்து, ஆபீஸ் வேலைக்கும் படிப்புக்கும்தான் கம்ப்யூட்டர் என்றால் வீசாவே போதும். அகலத் திரை அளவு அதில் இல்லாதபோதுதான் இந்த உழைப்புக்கு நியாயம் இருக்கிறது.

இரண்டாம் படி: மேசையைத் தயார் செய்யுங்கள்

கட்டாயம் இரண்டு கம்ப்யூட்டர் வேண்டும். ஒன்றில் பழைய கார்டு. இன்னொன்றிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் வேலை செய்வீர்கள். திரை கறுத்துப்போவது இந்த வேலையில் அன்றாடம் நடப்பது. அப்போது கர்னல் உயிரோடு இருக்கிறதா, எக்ஸ் மட்டும் விழுந்ததா என்று வெளியிலிருந்து பார்க்க வழி வேண்டும்.

நெட்வொர்க்கும் செத்துப்போகும் நேரத்துக்கு சீரியல் போர்ட் இருக்கிறது. அந்தக் காலத்து மதர்போர்டுகளில் 9 பின் காம் போர்ட் பின்னாலேயே இருக்கும். ரிச்சி தெருவில் நல்-மோடம் கேபிள் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம்: ஒரு முனையின் 2-ஐ மறுமுனையின் 3-க்கும், 3-ஐ 2-க்கும், 5-ஐ 5-க்கும் இணைத்தால் போதும். கர்னல் செய்திகளை 115200 வேகத்தில் அந்தப் பக்கம் அனுப்பச் சொல்லி பூட் வரியில் சேர்த்துவிடுங்கள்.

தனி கார்டாக இருந்தால், ஸ்லாட்டில் செருகும் தங்க நிற விளிம்பைப் பாருங்கள். திருவான்மியூர், ராயபுரம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் கிடந்த கார்டு என்றால் மங்கிப்போய், சில இடங்களில் பச்சை பூத்திருக்கும். பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். சரியாகத் தொடாத கார்டில் வரும் கோளாறும் டிரைவரில் வரும் கோளாறும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். பிரித்தறிய முடியாமல் வாரக்கணக்கில் கோடைப் புரட்டுவீர்கள்.

மூன்றாம் படி: பழைய இடத்தில் ஓடவைத்துப் பதிவெடுங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் வேலையில் பாதி இதில்தான் இருக்கிறது.

டிரைவர் எந்த சர்வருக்கு எழுதப்பட்டதோ அதே காலத்து லினக்ஸைப் போட்டு, அங்கே அது சரியாக ஓடுகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். டெபியனின் எல்லாப் பழைய பதிப்புகளும் அதன் ஆவணக் களஞ்சியத்தில் அப்படியே இருப்பதால் டெபியன் வசதி. டெபியன் 5-இல் எக்ஸ் சர்வர் 1.4.2, 6-இல் 1.7.7, 7-இல் 1.12.4, 8-இல் 1.16.4, 9-இல் 1.19.2, 12-இல் 21.1.7. நாம் ஏறப்போகும் ஏணி இதுதான். ஹார்டு டிஸ்கில் பதிப்புக்கு ஒரு பார்ட்டிஷன் ஒதுக்குங்கள். டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம், சர்வரும் கம்பைலரும் இருந்தால் போதும். பழைய பதிப்புகளில் கையெழுத்துச் சாவிகள் காலாவதியாகியிருக்கும். அந்தச் சோதனையை நிறுத்திவிட்டு நிறுவ வேண்டியிருக்கும். சி-டாக் சென்னை உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். அதை ஓட்டுகிறவர்கள், தங்கள் பதிப்பு எந்த டெபியனிலிருந்து வந்தது என்று பார்த்து இதே ஏணியில் ஏறலாம்.

படம் சரியாக வந்ததும் மூன்று பொருள்களைச் சேமியுங்கள். முதலாவது எக்ஸ் சர்வரின் முழு லாக். இரண்டாவது வீடியோ பயாஸின் பிரதி. மூன்றாவது, விலைமதிப்பில்லாதது: அந்த நிமிடத்தில் சிப்பின் ரெஜிஸ்டர்களில், அதாவது சிப்பின் நடத்தையைத் தீர்மானிக்கும் சின்னச் சின்ன நினைவிடங்களில், இருக்கும் எண்கள் எல்லாம்.

விஜிஏ தரப்படி சிஆர்டிசி ரெஜிஸ்டர் 25, சீக்வென்சர் 5, கிராபிக்ஸ் 9, அட்ரிபியூட் 21. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த ரெஜிஸ்டர்களை அதே எண்வரிசையில் தொடர்ந்து வைத்திருக்கும். அவற்றுக்குப் பூட்டும் உண்டு. எஸ்ஐஎஸ் சிப்பில் சீக்வென்சர் 5-இல் பதினாறடிமான 86-ஐ எழுதினால் பூட்டு திறக்கும். திரும்பப் படித்தால் ஏ1 என்று வரும். ஏ1 வராமல் படிக்கும் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். போர்ட்டுகளைப் படித்து வரிசையாக அச்சிடும் சின்ன சி நிரல் ஒன்றை எழுதி, டெக்ஸ்ட் மோடிலும், உங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு ரெசல்யூஷனிலும் ஓட்டி, ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு புதிய சர்வரில் திரை கறுத்தால், எஸ்எஸ்ஹெச் வழியாக அதே நிரலை ஓட்டி டிஃப் போட்டுப் பார்க்கலாம். எந்த ரெஜிஸ்டரில் எண் மாறியிருக்கிறதோ, அதை எழுதும் ஃபங்ஷனுக்கு நேராகப் போய்விடலாம்.

நான்காம் படி: வேண்டாததை முதலில் வெட்டுங்கள்

பழைய டிரைவரில் செத்த கோடு நிறைய. அதைச் சுமந்துகொண்டு ஏணி ஏறாதீர்கள்.

முப்பரிமாணத்துக்கான டிஆர்ஐ பகுதியை மொத்தமாக எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்துக் கார்டுகளுக்கான டிஆர்ஐ1 டிரைவர்களை, முப்பரிமாண லைப்ரரியான மேசா 2012-இல் வந்த 8.0 பதிப்பிலேயே நீக்கிவிட்டது. கர்னலில் மிச்சமிருந்த ஐ810, எம்ஜிஏ, ஆர்128, சேவேஜ், எஸ்ஐஎஸ், டிடிஎஃப்எக்ஸ், வயா ஆகியவையும் 2023-இல் 6.3 பதிப்போடு போய்விட்டன. மேலும் கீழும் ஆள் இல்லாமல் நடுவில் டிரைவர் மட்டும் அதைத் தாங்குவதில் பயனில்லை.

எஸ்ஐஎஸ் டிரைவரில் இரட்டை மானிட்டருக்கான மெர்ஜ்டுஎஃப்பி என்ற சொந்த ஏற்பாடும் இருக்கிறது. அதையும் எடுத்துவிடலாம். மோடு (ரெசல்யூஷன்) அமைக்கும் கோடு, வீடியோவைச் சிப்பே காட்டும் வீடியோ ஓவர்லே, ஹார்டுவேர் கர்சர் மூன்றையும் மட்டும் தொடாதீர்கள். சிப்பைப் பற்றிய உண்மையான அறிவு அங்கேதான் இருக்கிறது. கம்பெனி கையேடு கிடைக்காத சிப்புக்கு அந்தக் கோடுதான் கையேடு. கமென்டைக்கூட அழிக்காதீர்கள், ஃபைல் தலைப்பில் இருக்கும் உரிம வரிகளும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வெட்டும் தனி கமிட்டாக இருக்கட்டும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பழைய பார்ட்டிஷனில் கம்பைல் செய்து படம் வருகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் படி: ஏணியில் ஏறுங்கள்

முதலில் கம்பைலர் அமைப்பு. ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே அழைத்தால் பழைய ஜிசிசி எச்சரிக்கை மட்டும் தரும். அது இன்ட் எண்ணைத் திருப்பித்தரும் என்று தானாக எடுத்துக்கொள்ளும். 64 பிட் இயந்திரத்தில் பாய்ன்டர் பாதியாக வெட்டுப்பட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் சர்வர் விழும். ஜிசிசி 14 இதைப் பிழையாகவே நிறுத்துகிறது. நீங்கள் முதல் பார்ட்டிஷனிலிருந்தே இந்த எச்சரிக்கையைப் பிழையாக்கும் கொடியைப் போட்டுவிடுங்கள். ஜிசிசி 10-இலிருந்து இன்னொரு மாற்றமும் உண்டு: ஒரே குளோபல் மாறியைப் பல ஃபைல்களில் வரையறுத்தால் இணைப்பியில் நின்றுவிடும். ஹெடரில் எக்ஸ்டர்ன் போட்டு, ஒரே ஒரு சி ஃபைலில் வரையறுங்கள்.

1.5 சர்வர்: பிசிஐ கையாளும் முறை மொத்தமாக மாறிய இடம். சர்வருக்குள்ளேயே இருந்த பிசிஐ கோடு வெளியேறி, லிப்பிசிஐஆக்சஸ் என்ற தனி லைப்ரரி வந்தது. பழைய டிரைவர் கார்டின் நினைவகத்தை எடுக்க அழைக்கும் மேப்-பிசிஐ-மெம் ஃபங்ஷன்களை, லிப்பிசிஐஆக்சஸின் மேப்-ரேஞ்ச் அழைப்பாக மாற்ற வேண்டும். மேம்போக்காகப் பெயர் மாற்றம் போலத் தெரியும். ஆனால் படம் தங்கும் நினைவகமான ஃப்ரேம்பஃபருக்கு, எழுதுவதைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் ரைட்-கம்பைன் கொடியைச் சேர்க்க மறக்கக் கூடாது. மறந்தால் படம் வரும், ஆனால் ஆமை வேகத்தில் வரும். ரெஜிஸ்டர் பகுதிக்கு அந்தக் கொடி போகவே கூடாது. போனால் எழுதிய வரிசை குலைந்து சிப் தொங்கும். டிரைவர் கார்டைக் கண்டுபிடிக்கும் புரோப் ஃபங்ஷனும் இங்கே மாறும். 1039:6351 எண்ணை அட்டவணையில் சேர்க்கும் இடம் அதுதான்.

1.7-லிருந்து 1.12 வரை: வளப் பங்கீட்டுக்கான ஆர்ஏசி அழைப்புகள் போய்விட்டன, அப்படியே நீக்குங்கள், பதிலுக்கு எதுவும் வேண்டாம். எக்ஸ்அலாக், எக்ஸ்ஃப்ரீ எல்லாம் சாதாரண மேலாக், ஃப்ரீ ஆகட்டும். 1.12-இல் ஓசையில்லாத பொறி ஒன்று இருக்கிறது. விஜிஏ ஹார்டுவேர் மாட்யூலின் அடிப்படை ஃபங்ஷன்களை முன்பு சர்வரே நிரப்பித் தந்தது. இப்போது டிரைவர் தானே கேட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். கம்பைல் சுத்தமாக முடியும், ஸ்டார்ட் செய்தால் பூஜ்ய முகவரியில் விழும். விஜிஏ ரெக்கார்டைப் பெறும் வரிக்கு அடுத்தே, செட்-ஸ்டாண்டர்டு-ஃபங்ஷன்ஸ் அழைப்பு ஒன்றைச் சேர்த்தால் தீர்ந்தது.

1.13 சர்வர், 2012: ஏணியில் மிக உயரமான படி இதுதான். இரண்டு பெரிய மாற்றங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று, டிரைவரின் முக்கிய ஃபங்ஷன்கள் எல்லாம் முன்பு திரையின் வரிசை எண்ணை வாங்கின. இப்போது திரைத் தகவலின் பாய்ன்டரையே வாங்குகின்றன. எண்ணை வைத்துக் குளோபல் அட்டவணையில் தேடும் வரிகள் எல்லாம் மாற வேண்டும். கையால் ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பிக்காதீர்கள். எக்ஸ்.ஆர்க்கின் மற்ற டிரைவர்களில் காம்பட்-ஏபிஐ என்ற சின்ன ஹெடர் ஃபைல் இருக்கிறது. அதை எடுத்து உங்கள் சோர்ஸில் போடுங்கள். ஸ்கிரீன்-இனிட், குளோஸ்-ஸ்கிரீன், ஸ்விட்ச்-மோடு, என்டர்-விடி போன்ற ஃபங்ஷன்களின் அடைப்புக்குள் அந்த ஹெடர் தரும் மேக்ரோவை வைத்தால், அதே கோடு பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் கம்பைல் ஆகும். ஏணியின் கீழ்ப்படிக்குத் திரும்பிப்போய் ஒப்பிட முடிவது பெரிய பலம்.

இரண்டாவது மாற்றம், எக்ஸ்ஏஏ என்ற பழைய வேகப்படுத்தும் அமைப்பு நீக்கப்பட்டது. அதன் ஹெடர்களைச் சேர்க்கும் வரிகளையும், ஆக்சலரேஷன் ஃபைலையும் இப்போதைக்கு பில்டிலிருந்து வெளியே எடுங்கள். நோ-ஆக்செல், ஷேடோஎஃப்பி இரண்டையும் இயல்பாக்குங்கள். ஷேடோஎஃப்பி என்றால் படத்தைச் சாதாரண ரேமில் வரைந்து, மாறிய பகுதியை மட்டும் கார்டுக்கு நகலெடுப்பது. 1280×800 திரைக்கு 32 பிட் நிறத்தில் ஏறக்குறைய 4 எம்பி. இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எக்ஸ்ஏஏவை வெட்டும்போது வீடியோ ஓவர்லே கூடவே செத்துவிடும், கவனம். திரைக்கு வெளியே உள்ள கார்டு நினைவகத்தைப் பங்கிடும் மேலாளரை முன்பு எக்ஸ்ஏஏ பகுதிதான் தொடங்கிவைத்திருக்கும். அந்த ஒரு அழைப்பை ஸ்கிரீன்-இனிட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அதற்கு மேலே உள்ள படிகள் சின்னவை. பேக்கிங்-ஸ்டோர் தொடங்கும் வரியும் அதன் ஹெடரும் போக வேண்டும். 1.15-இல் டேமேஜ் பதிவை நீக்கும் ஃபங்ஷன் ஒரு உள்ளீட்டைக் குறைத்துக்கொண்டது. 1.19-இல் பிளாக்-ஹேண்ட்லரின் வடிவம் மாறியது. காம்பட்-ஏபிஐ ஹெடரின் புதிய பிரதி அதைப் பார்த்துக்கொள்ளும். 1.20-இல் ஒரு பிக்சலுக்கு 24 பிட் அடுக்கும் முறை போய்விட்டது. 2 எம்பி நினைவகமே உள்ள கார்டுக்கு இது வலிக்கும்: 1024×768-ஐ 32 பிட்டில் வைக்க 3 எம்பி வேண்டும், ஆகவே 16 பிட்டை இயல்பாக்குங்கள்.

எந்தப் படியிலும் சர்வரின் இக்னோர்-ஏபிஐ கொடியைப் பயன்படுத்தி ஒப்பேற்றாதீர்கள். பொருந்தாத டிரைவரைச் சர்வர் மறுப்பது உங்கள் நன்மைக்குத்தான்.

ஆறாம் படி: ஓடவிட்டுப் பிழை பிடியுங்கள்

கம்பைல் ஆன டிரைவரில் இல்லாத ஃபங்ஷன் பெயர்கள் இன்னும் ஒளிந்திருக்கலாம். சர்வர் டிரைவரை ஏற்றும்போது எல்லாப் பெயர்களையும் உடனே தேடாது. அழைக்கும் நொடியில்தான் தேடும். படம் வந்து, பத்து நிமிடம் கழித்துக் கன்சோலுக்கு மாறும்போது விழும். எல்டி-பைன்ட்-நௌ என்ற சூழல் மாறியை 1 என்று வைத்து சர்வரைத் தொடங்கினால் எல்லாம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

புதிய டெபியனில் எக்ஸ் சர்வர் ரூட் அதிகாரம் இல்லாமல் ஓடும். நம் டிரைவர் நேராக ஹார்டுவேரைத் தொடுவது. ரூட் இல்லாமல் ஓடாது. சர்வரின் லெகசி பேக்கேஜை நிறுவி, ரேப்பர் அமைப்பில் ரூட் அதிகாரம் தேவை என்று குறிப்பிடுங்கள். டெவ்-மெம் வழியாகப் படிக்கும்போது கர்னல் மறுத்தால், ஐஓமெம் ரிலாக்ஸ்டு என்ற பூட் வரி உதவும். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பு ஃபைலில் டிரைவர் பெயரையும் பஸ் எண்ணையும் வெளிப்படையாக எழுதுங்கள். இல்லாவிட்டால் சர்வர் வேறு டிரைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நீங்கள் உங்கள் கோடில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சோதனை வரிசை எனக்குப் பழகியது இது: படம் வருகிறதா, கன்சோலுக்குப் போய்த் திரும்பினால் வருகிறதா, ரெசல்யூஷன் மாறுகிறதா, சர்வரை நிறுத்தினால் டெக்ஸ்ட் மோடு சுத்தமாகத் திரும்புகிறதா. கடைசியது பலருக்கும் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் டெக்ஸ்ட் மோடு திரும்பவில்லை என்றால், ஏதோ ஒரு ரெஜிஸ்டரைச் சேமிக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய பதிவோடு டிஃப் போட வேண்டிய நேரம் அது.

ஏழாம் படி: வேகம் வேண்டுமா?

எக்ஸ்ஏஏவுக்குப் பதிலாக இஎக்ஸ்ஏ இருக்கிறது. நிறம் நிரப்புவதற்கும் நகலெடுப்பதற்கும் தயார்செய், செய், முடி என்று மூன்று மூன்று ஃபங்ஷன் எழுதினால் போதும். பழைய ஆக்சலரேஷன் ஃபைலில் இருக்கும் ரெஜிஸ்டர் வரிகளை அப்படியே தூக்கி வைக்கலாம்.

ஆனால் பெரும்பாலான பழைய கார்டுகளுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். இன்றைய டெஸ்க்டாப்பில் எழுத்துகளின் ஓரம் மழுப்பி வரையப்படுகிறது. அதற்குக் கீழே இருக்கும் பிக்சலைப் படித்து, கலந்து, திரும்ப எழுத வேண்டும். கலக்கும் வசதி சிப்பில் இல்லாவிட்டால் அந்த வேலையை பிராசசர் செய்யும், அதுவும் கார்டு நினைவகத்திலிருந்து பிக்சல் பிக்சலாகப் படித்து. எழுதுவதைவிடப் படிப்பது அங்கே பல மடங்கு தாமதம். தமிழ்ப் பக்கம் ஒன்றை மேலே கீழே நகர்த்திப் பாருங்கள். ஷேடோஎஃப்பி இதைவிட வேகமாக இருக்கும். அந்த நேரத்தை வீடியோ ஓவர்லேவைச் சீராக்கச் செலவிடுங்கள். நிறமாற்றத்தையும் பெரிதாக்குவதையும் சிப்பே செய்வதால் பழைய பிராசசரிலும் பாட வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடும்.

எட்டாம் படி: வேலேண்டுக்குப் போவதென்றால்

இவ்வளவும் எக்ஸ் சர்வர் இருக்கும் வரைதான் செல்லும். அதன் இடத்துக்கு வந்துகொண்டிருப்பது வேலேண்ட். 2025-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-இல் எக்ஸ்.ஆர்க் சர்வரே இல்லை. நெடுங்காலத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் கர்னலுக்குள் சின்ன கேஎம்எஸ் டிரைவர் எழுதுவதுதான் சரி. அது இருந்துவிட்டால் வேலேண்ட், எக்ஸ் இரண்டும் தாமாக ஓடும்.

கர்னலின் சிரஸ் டிரைவர் 2019-இல் புதிதாக எழுதப்பட்டது. மிகச் சிறியது, அதை முழுதாகப் படியுங்கள். படத்தை ரேமில் வைத்து, மாறிய பகுதியை நகலெடுக்கும் அதே ஷேடோ முறைதான் அங்கும். நீங்கள் நிரப்ப வேண்டியது மோடு அமைக்கும் ஃபங்ஷனை மட்டும். எஸ்ஐஎஸ் குடும்பத்துக்கு இன்னொரு சலுகை உண்டு: கர்னலின் பழைய எஸ்ஐஎஸ் ஃப்ரேம்பஃபர் டிரைவரும் எக்ஸ் டிரைவரும் மோடு அமைக்க ஒரே ஃபைல்களைத்தான் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கோடு கர்னலுக்குள் ஓடும் என்பது ஏற்கெனவே உறுதி. மாறாக, வீடியோ பயாஸை அழைத்து மோடு அமைக்கும் டிரைவர் என்றால் இந்த வழி கடினம். கர்னலுக்குள்ளிருந்து அந்த அழைப்புக்கு வசதி இல்லை. எக்ஸிலேயே நின்றுகொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: வெளியே கொடுங்கள்

ஏணியின் ஒவ்வொரு படியும் தனித்தனி பேட்சாக, எந்த சர்வர் மாற்றத்துக்காக என்ற விளக்கத்தோடு இருக்கட்டும். எக்ஸ்.ஆர்க் டிரைவர்கள் ஃப்ரீடெஸ்க்டாப்பின் கிட்லேபில் இருக்கின்றன, அங்கே அனுப்பலாம். சென்னையில் இருப்பவர்கள் லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டத்துக்கு அந்தப் போர்டையே தூக்கிக்கொண்டு போகலாம். அதே சிப்போடு வேறு போர்டு வைத்திருப்பவர் ஒருவர் சோதித்துப் பார்ப்பது, நீங்கள் வீட்டில் செய்யும் எந்தச் சோதனையைவிடவும் பெரிது.

டெபியன் பேக்கேஜாகக் கட்டும்போது எக்ஸ்ஆர்க்-வீடியோ-ஏபிஐ-25 என்ற சார்பைக் கட்டாயம் எழுதுங்கள். 21.1 சர்வரின் டிரைவர் இடைமுக எண் அது. நாளைக்கு அந்த இடைமுக எண் 26-க்குப் போனால் பேக்கேஜ் மேலாளர் அப்டேட்டை அங்கேயே நிறுத்தி எச்சரிக்கும். கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் ஆசிரியரோ நூலகரோ காலையில் கறுப்புத் திரையைப் பார்க்க வேண்டி வராது.